ஜாக்கியை எங்கே வைப்பது?

கார் வைத்திருக்கும் குடும்பங்களில் ஜாக்கி இல்லாத குடும்பம் அநேகமாக இராது. டிக்கியில், ஸ்டெப்னிச் சக்கரத்தின் அருகே, பழந்துணியில் சுற்றப்பட்டு அது கிடக்கும். ஆனால் அதனை வண்டியின் அடியில் எந்த இடத்தில் வைத்து உயர்த்த வேண்டும் என்று வினவினால், நம்மில் பலர் சற்றுத் தயங்குவோம். அவ்வாறு தயங்குவது நல்லதே. ஒருமுறை நான் சிறிதும் தயங்காமல் விடை கூறினேன். அந்த விடை தவறானது. அதனால் துன்புற்றவன் நானல்லன். என் சொல்லை நம்பி மணலில் படுத்து வேலை செய்த ஓர் இளைஞன்.

2003-ஆம் ஆண்டு ஆடி மாதம். அப்போது நான் திருச்செந்தூருக்குத் தெற்கே ஒரு கடலோரப் பங்கில் பணியாற்றி வந்தேன். பங்குக்கென்று பழைய மாருதி 800 ஒன்று வாங்கியிருந்தோம். 1983-இல் நம் நாட்டுச் சாலைகளில் இறங்கி, 2014-இல் உற்பத்தி நின்றுபோன அச்சிறு வண்டியை அறியாதார் யார்? ஓர் இரவு பத்து மணியளவில், மூச்சுத்திணறலால் அவதியுற்ற மூதாட்டி ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியதாயிற்று. பின்னிருக்கையில் பாட்டியும் அவருடைய மகளும். முன்னால் எனக்குத் துணையாக உபதேசியாரின் மகன். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

அப்பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேடு மேடாகச் செம்மணல். ஆடிக்காற்று வீசினால் அம்மணல் எழுந்து சாலையின் மேலேயே படர்ந்து கிடக்கும். அந்த இடத்திலேதான் எங்கள் வண்டியின் இடப்பக்கப் பின்சக்கரம் பஞ்சரானது. பாட்டிக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எனக்குப் பதற்றம். சாலையோரத்து மணலில் வண்டியை இறக்கி நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அதன் கம்பி தளர்ந்திருந்ததை முன்பே அறிந்திருந்தும் சரிசெய்யாமல் விட்டிருந்தேன். கியரை நியூட்ரலில் விட்டுவிட்டேன். மணற்காற்று அடிக்கிறதே என்று இருவரையும் உள்ளேயே இருக்கச் சொன்னேன். சக்கரத்துக்குக் கல் கொடுக்கவில்லை. எத்தனை பிழைகள் பாருங்கள்! இவையெல்லாம் போதாவென்று தலையாய பிழை ஒன்றையும் செய்தேன்.

தம்பி டார்ச்சு விளக்குடன் குனிந்து பார்த்தான். “சாமி, ஓரத்துல கத்தி மாதிரி ஒரு தகடு இறங்கி நிக்குது. அதுல சின்னதா ரெண்டு வெட்டு இருக்கு. உள்ளே தள்ளினா அகலமா தகடு இருக்கு. ஜாக்கியை எதுல வைக்கட்டும்?” என்று கேட்டான். நான், “ஓரத்துத் தகடு மெல்லிசு தம்பி, வளைஞ்சுபோகும். உள்ளே தள்ளி அகலமான இடத்துல வை” என்றேன்.

நான் அவ்வாறு சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. குருமடத்தில் பயின்ற நாட்களில் எங்களுக்கு ஒரு ஜீப் இருந்தது. அதற்குச் சக்கரம் மாற்றுவதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். ஜீப்பின் அடியில் குனிந்தால், இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் பருத்த இரும்பு அச்சு கண்ணுக்கு நேரே தெரியும். சக்கரத்தை ஒட்டி அதன் கீழ் ஜாக்கியை வைத்தால் வண்டி எழுந்துவிடும். ஆகவே, வண்டியின் அடிப்பகுதி முழுவதும் வலிமையானது என்று என் மனம் எண்ணிப் பழகிவிட்டது.

ஜாக்கியின் பிடியைச் சுற்றச் சுற்ற வண்டி எழுந்தது. ‘கடக்’ என்று இரு முறை ஒலி கேட்டது. ஜாக்கி ஏறும் ஒலி என்று நினைத்தேன். அது தரைத்தகடு உள்வாங்கிய ஒலி. தம்பி பழுதான சக்கரத்தைக் கழற்றிவிட்டு ஸ்டெப்னியை மாட்டக் கையை உள்ளே கொடுத்தான். அந்த வேளையில் மணலில் ஜாக்கியின் அடிப்பாகம் ஒருபுறம் புதைந்து சாய, வண்டி முன்னோக்கி நகர்ந்து, ஜாக்கியிலிருந்து சறுக்கி விழுந்தது. பிரேக் டிரம்முக்கும் மணலுக்கும் இடையே அவனுடைய இடக்கை சிக்கிக்கொண்டது.

மணலைக் கைகளால் தோண்டித்தான் அவன் கையை விடுவித்தேன். கீழே இருந்தது தார்ச்சாலையாக இருந்திருந்தால் விரல்கள் நசுங்கிப் போயிருக்கும் என்று பின்னர் மருத்துவர் கூறினார். மணல் இடம் கொடுத்ததால் இரண்டு விரல்கள் முறிந்ததோடு போயிற்று. நற்பேறாக மீன் ஏற்றிச் செல்லும் வண்டி ஒன்று அவ்வழியே வந்தது. அதிலிருந்தவர்கள் இறங்கி, எங்கள் காரின் பின்புறத்தைக் கைகளாலேயே தூக்கிப் பிடித்துச் சக்கரத்தை மாட்டிக் கொடுத்தனர். பாட்டியையும் தம்பியையும் தங்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தனர். பாட்டி பிழைத்துக்கொண்டார். தம்பியின் மோதிரவிரல் மட்டும் அதன்பின் முழுமையாக மடங்கவில்லை.

மறுநாள் மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரை வரவழைத்து, காரைக் கட்டி இழுத்து அவர் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அவர் வண்டியை முறைப்படி உயர்த்தி, நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்தி, என்னை அருகே அழைத்துக் காட்டினார். தரைத்தகடு ஒரு கைப்பிடி அளவுக்குக் குழிந்திருந்தது. அதன் அருகே பின்சக்கரங்களுக்குப் பிரேக் எண்ணெய் கொண்டுசெல்லும் குழாய் நசுங்கிக் கிடந்தது. “சாமி, நேத்து ராத்திரி கை அடிபடாம இருந்திருந்தா நீங்க இதை அப்படியே ஓட்டிட்டுப் போயிருப்பீங்க. போற வழியில இந்தக் குழாய் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்?” என்றார். நான் வாய் திறக்கவில்லை.

பிறகு அவர் சொன்ன ஒரு வாக்கியம் என்றும் மறவாதது. “ஜீப்புக்கு எலும்பு தனி, தோல் தனி. இதுக்கு எலும்பு தனியா கிடையாது, தோலே எலும்பு.”

அதன் பொருளை விளக்கமாகச் சொல்கிறேன். ஜீப், பொலேரோ, லாரி முதலியவற்றில் ஏணி போன்ற கனத்த இரும்புச் சட்டம் ஒன்று அடியில் இருக்கும். அதுவே சேஸிஸ். எடையனைத்தையும் அது சுமக்க, உடற்கூடு அதன்மேல் பொருத்தப்படுகிறது. இக்காலத்துச் சிறு கார்கள் பெரும்பாலானவற்றில் அத்தகைய தனிச்சட்டம் இல்லை. மெல்லிய எஃகுத் தகடுகளை மடித்து, ஒன்றோடொன்று பற்றவைத்து, முழுக் கூட்டையும் ஒரே உடலாக ஆக்கியிருக்கிறார்கள். எங்கெல்லாம் தகடுகள் மடிந்தும் இணைந்தும் இருக்கின்றனவோ அங்கெல்லாம் வலிமை உண்டு. பரந்து கிடக்கும் தரைத்தகட்டுக்கு அந்த வலிமை இல்லை. அகலத்தைக் கண்டு வலிமை என்று நான் எண்ணினேன். மெல்லியது என்று நான் ஒதுக்கிய ஓரத்து விளிம்போ, இரண்டு மூன்று தகடுகள் சேர்த்துப் பற்றவைக்கப்பட்டு நிமிர்ந்து நிற்பது. தம்பி கண்ட அந்த இரு வெட்டுகள், “ஜாக்கியை எங்கள் இடையே வையுங்கள்” என்று வண்டியைச் செய்தவர்களே இட்டு வைத்த அடையாளங்கள்!

ஆகவே, வாசக அன்பர்கள் முதலில் செய்ய வேண்டியது இது. பகல் வெளிச்சத்தில் உங்கள் வண்டியின் பக்கவாட்டில் குனிந்து, கதவுகளுக்குக் கீழே ஓடும் விளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னாலும், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னாலும் அந்த அடையாளம் இருக்கும். சில வண்டிகளில் வெட்டு இருக்கும். சிலவற்றில் அம்புக்குறி இருக்கும். சிலவற்றில் அவ்விடத்துத் தகடு தடித்திருக்கும். வண்டியோடு தந்த கையேட்டில் அவ்விடம் படத்துடன் காட்டப்பட்டிருக்கும். அவ்விளிம்பு உட்காருவதற்கென்றே காரோடு வரும் ஜாக்கியின் தலையில் ஒரு பள்ளம் உண்டு. விளிம்பு அப்பள்ளத்தினுள் சரியாக இறங்கிய பின்னரே மேலும் சுற்ற வேண்டும்.

ஜாக்கி ஒருபோதும் தொடக்கூடாத இடங்களும் உண்டு. தரைத்தகடு, எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் சம்ப், பெட்ரோல் தொட்டி, சைலன்சரும் அதன் குழாயும், பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் ஓடும் தடம் ஆகியவை அவை. ஆயில் சம்ப் கையால் தட்டிப் பார்த்தால் உறுதியானதாகவே தோன்றும். ஆனால் அது எண்ணெயைத் தாங்கும் கிண்ணமேயன்றி எஞ்சினைத் தாங்கும் தூணன்று. அண்மை ஆண்டுகளில் நம் சாலைகளில் பெருகிவரும் மின்சாரக் கார்கள் பலவற்றில் பேட்டரி முழுவதும் தரையின் அடியிலேயே பொருத்தப்பட்டுள்ளது. அத்தகைய வண்டியின் நடுப்பகுதியில் ஜாக்கியை வைப்பது பெருஞ்செலவு மட்டுமன்று, பேராபத்தும் ஆகும்.

இனி, வேலையைச் செய்யும் ஒழுங்கு. சமமான, இறுகிய தரையில் வண்டியை நிறுத்துக. சரிவிலும் மணலிலும் ஜாக்கி வைத்தல் வேண்டா. பஞ்சரான டயர் கெட்டுப்போனாலும் பாதகமில்லையென்று பத்தடி தள்ளியேனும் நல்ல இடம் தேடுவது அறிவுடைமை. வேறு வழியே இல்லையாயின், அகன்ற கனமான பலகையொன்றை ஜாக்கியின் கீழ் இடுக. அன்றுமுதல் என் டிக்கியில் ஒரு முழ நீளத்துப் பனஞ்சட்டம் ஒன்றை வைத்திருக்கிறேன். பயணிகள் அனைவரும் இறங்கிச் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். எழ முடியாத நோயாளி இருந்தால் வண்டியைத் தூக்குவதைவிட வேறு வண்டிக்குச் சொல்லி அனுப்புவதே முறை.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரிலும் போடுக. ஆனால் இவ்விரண்டை மட்டும் நம்பிவிடலாகாது. அதன் காரணத்தை அறிந்துகொள்வது நலம். இன்றைய சிறு கார்களில் எஞ்சினின் விசை முன்சக்கரங்களுக்குச் செல்கிறது. ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களையே பிடிக்கிறது. ஒரு முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால், இரு முன்சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கும் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பின் காரணமாக, தூக்கிய சக்கரம் தாராளமாகச் சுழலும். கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. அப்போது ஹேண்ட் பிரேக் ஒன்றே காவல். ஒரு பின்சக்கரத்தைத் தூக்கினாலோ, ஹேண்ட் பிரேக்கின் பிடி மறுபக்கத்து ஒற்றைச் சக்கரத்தில்தான் இருக்கும். ஆதலால் எந்தச் சக்கரத்தைத் தூக்குகிறோமோ அதற்குக் குறுக்கே எதிர்மூலையிலுள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் கொடுக்க வேண்டும். காசு செலவில்லாத காவல் இது. நான் அன்று மறந்ததும் இதுவே.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திக்கொள்க. வண்டியைத் தூக்கிய பின் ஸ்பானரில் ஏறி மிதித்தால், அந்த அதிர்ச்சியே வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். ஜாக்கி நேராக நிற்கிறதா என்று ஒவ்வொரு சில சுற்றுக்கும் ஒருமுறை பார்க்க வேண்டும். சாயத் தொடங்கினால் உடனே இறக்கி, மீண்டும் வைத்துத் தொடங்குக. காற்று நிறைந்த ஸ்டெப்னிக்குப் பஞ்சரான சக்கரத்தைவிடச் சற்று உயரம் மிகுதியாகத் தேவைப்படும். அதற்குமேல் ஓர் அங்குலமும் தூக்க வேண்டுவதில்லை. கழற்றிய சக்கரத்தை வண்டியின் விளிம்புக்கு அடியில் படுக்க வைத்துவிடுக. ஜாக்கி தவறினாலும் வண்டி அச்சக்கரத்தின்மேல் அமரும்; கையோ காலோ தப்பும். நட்டுகளை ஒன்றுக்கு எதிராக ஒன்றெனக் குறுக்காக முடுக்கி, வண்டியை இறக்கிய பின் இறுதியாக இறுக்குக. நூறு கிலோமீட்டர் ஓட்டுவதற்குள் ஒருமுறை மீண்டும் சரிபார்ப்பது நல்லது.

பட்டறைகளில் சக்கரம் வைத்த டிராலி ஜாக்கியால் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். திரவத்தின் அழுத்தம் எல்லாப் பக்கமும் குன்றாமல் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் கண்ட உண்மையும், அதனைக் கொண்டு ஜோசப் பிராமா என்னும் ஆங்கிலேயர் 1795-இல் காப்புரிமை பெற்ற அழுத்த இயந்திரமும் இக்கருவிக்கு மூலம். ஒரு கையால் பெருஞ்சுமையைத் தூக்கவல்லது. ஆயினும் உள்ளிருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்தால் எண்ணெய் கசிந்து, சுமை தானே இறங்கிவிடும். ஆகவேதான் மெக்கானிக்குகள், “ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று” என்பர். சக்கரம் மாற்றுவதற்கு மேல் வேறு வேலை எதுவாயினும், உரிய எடையைத் தாங்கும் ஸ்டாண்டில் வண்டியை அமர்த்திய பின்னரே அடியில் செல்லலாம். செங்கல்லையும் ஹாலோ பிளாக் கல்லையும் அடுக்கி அதன்மேல் நிறுத்துவோர் உளர். அக்கல் முன்னறிவிப்பின்றி உடையும். அதன்கீழ் எவரும் படுக்கலாகாது.

அந்த டிராலி ஜாக்கியின் தலை தட்டையான இரும்புக் கிண்ணம். அதை நேரடியாக விளிம்பில் வைத்தால் விளிம்பு பக்கவாட்டில் மடங்கிப்போகும். மடங்கிய இடத்தில் பெயிண்டு வெடிக்கும், வெடித்த இடத்தில் நீர் தங்கும், துரு ஏறும். உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் அத்துரு எவ்வளவு விரைவாகப் பரவும் என்பதை நம் வீட்டு ஜன்னல் கம்பிகளே சொல்லும். விளிம்பு இறங்கும் அளவுக்குப் பள்ளம் வெட்டிய ரப்பர்க் கட்டையோ மரக்கட்டையோ இடையில் வைத்துத் தூக்குமாறு பட்டறையில் பணிவோடு கேளுங்கள். தூக்கும்போது டிராலி ஜாக்கி தன் சக்கரங்களில் சிறிது உருண்டு நகர வேண்டும். கரடுமுரடான மண் தரையில் அது நகர இயலாமல் தலை இடம் மாறும். அங்கே அதைப் பயன்படுத்தலாகாது. விளிம்பில் முன்பே கீறல் விழுந்திருந்தால், துருவைச் சுரண்டி ஒரு பூச்சுப் பூசிவிடுங்கள். டிக்கியிலுள்ள ஜாக்கியின் திருகுக்கு ஆண்டுக்கொரு முறையேனும் சிறிது கிரீஸ் தடவி வையுங்கள்.

இவையெல்லாம் நான் கற்றுக்கொண்டது அந்த விபத்துக்குப் பின்னர். முன்னரே கற்றிருக்க முடியாதா? முடியும். வண்டியை எங்களுக்கு விற்றவர் அதன் கையேட்டையும் உடன் தந்திருந்தார். டாஷ்போர்டின் பெட்டியில், பிளாஸ்டிக் உறையில் அது பத்திரமாக இருந்தது. அண்ணாச்சியின் பட்டறையில்தான் அதை முதன்முறையாகத் திறந்தேன். ஜாக்கியை எங்கே வைப்பது என்று அதில் படமே போட்டிருந்தது.

குருமடத்தில் ஒழுக்கவியல் வகுப்பில் அறியாமை இருவகைப்படும் என்று படித்தோம். முயன்றாலும் நீக்க இயலாத அறியாமை ஒன்று. முயன்றால் நீக்கக்கூடிய அறியாமை மற்றொன்று. முன்னது மனிதனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கும், பின்னது விடுவிக்காது. தேர்வில் இதை நன்றாகவே எழுதி மதிப்பெண் பெற்றேன். பொருள் விளங்கியது என்னவோ அந்தப் பட்டறையில்தான்.

தம்பியிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீங்க வேணும்னா சாமி செஞ்சீங்க?” என்று சிரித்தான். அந்தப் பெருந்தன்மை எனக்கு ஆறுதல் தரவில்லை. ‘எதில் வைக்கட்டும்’ என்று அவன் கேட்டபோது, “எனக்குத் தெரியவில்லை, கையேட்டைப் பார்ப்போம்” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல அரை நிமிடம் போதும். பாட்டியின் மூச்சைக் காரணம் காட்டி அந்த அரை நிமிடத்தைச் சேமிக்க நினைத்து, ஒரு மணி நேரத்தையும் ஓர் இளைஞனின் விரலையும் இழந்தோம். பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சும்மாவா சொன்னார்கள்?

இன்று அவர் சொந்தப் படகு வைத்துத் தொழில் செய்கிறார். அண்மையில் அவ்வூருக்குச் சென்றிருந்தபோது கரையில் வலையை மடித்துக்கொண்டிருந்தார். வலைக்கயிற்றைப் பற்றிய அந்தக் கையில் ஒரு விரல் மட்டும் நீட்டியபடியே இருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு கையை மெல்ல வலைக்குள் மறைத்துக்கொண்டார்.

அன்புடைய குடும்பத் தலைவர்களே, தாய்மார்களே, வண்டி ஓட்டத் தொடங்கியிருக்கும் இளைஞர்களே! வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டு வாசலில், சமதரையில், வெளிச்சத்தில், அவசரம் ஏதுமில்லாத வேளையில் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருமுறை சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். பிள்ளைகளை அருகே நிற்கவைத்து அந்த இரு வெட்டுகளைக் காட்டுங்கள். இருளில், மழையில், நோயாளி பின்னால் முனகும்போது கற்றுக்கொள்ளும் பாடமன்று இது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். நம் சொல்லை நம்பி வண்டியின் அடியில் கையை நீட்டுபவர் பெரும்பாலும் நம்மைவிட இளையவராகவே இருப்பர் என்பதை மட்டும் மறவாதீர்கள்.